இரண்டாவது ஆணி

அறுபதை நெருங்கும் வயதில் செண்பகவடிவு மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்கு வந்தாள். கூடத்துச் சுவரில் அவருடைய முதல் மனைவி மரகதம் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னோர் ஆணி வெறுமனே நின்றது. செத்துப்போன தன் புருஷன் படத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறாரே என்று அவள் மகிழ்ந்துபோனாள். பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"இவுகள இங்கன மாட்டிக்கிடட்டா?"

அவர் பதறிவிட்டார். "ஏ, அது எனக்குல்லா! மரகதம் போன அன்னைக்கே அடிச்சு வச்சது."

"அப்ப எனக்கு?"

"உம் மவன் வீட்ல மாட்ட மாட்டானா?"

மகன் இந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை. அவள் படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டாள். டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பிறகு, பாத்திரம் இறக்கிய கரித்துணியை அந்த ஆணியில் மாட்டினாள்.