மண் இளகும் வரை

"மண்ணு இளகட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோம்மா."

வடக்கு அறை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு தச்சர் இதைச் சொன்னபோது, கட்டிலில் கிடந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. பொறுமையைப் பற்றி யார் பேசுவது! சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் வீட்டையே இரண்டாக்குகிற மனிதர்.

"நான் பொறுத்துக்கறேங்க. நீங்க பெஞ்சை முடிங்க முதல்ல" என்றாள்.

"வேலியோரம், அந்தப் பெரிய மரத்தடியிலதான். நீ ஆசைப்பட்ட இடம்" என்று தச்சர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

கோடையில் மூட்டை முடிச்சோடு இந்த மலைக்கு வந்ததே அவளுடைய இருமலுக்காகத்தான். மலைக்காற்று பட்டால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்த அன்றே அவள் அந்த மரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வசந்தத்துல இது பூத்துக் கொட்டுமாம். இதுக்கடியில எனக்கொரு பெஞ்சு போட்டுக் குடுங்க. ரெண்டு பேரும் உக்காந்து பார்க்கணும்."

"பார்ப்போம், பார்ப்போம்" என்றார் தச்சர். அதுவரை அவள் தாங்குவாளா என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

மழை வந்தது. தகரக் கூரையின் சத்தத்தை அவள் இருமல் தோற்கடித்தது. அடுத்து மூடுபனி வந்து, ஜன்னலுக்கு வெளியே மரம், வேலி, பாதை எல்லாவற்றையும் விழுங்கியது. இருமலை மட்டும் அதனால் விழுங்க முடியவில்லை.

முதல் பனி கொட்டி மண்ணெல்லாம் கல்லாக உறைந்த காலையில், இருமல் சட்டென்று நின்றது.

"பார்த்தீங்களா, மலைக்காத்து வேலையைக் காட்டிடுச்சு!" என்று கூவினாள். தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே அவளை வெயிலே படாத வடக்கு அறைக்கு மாற்றினார். ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்தார். காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இப்போதுதான் மதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். முன்னறையில் இழைப்புளியும் சுத்தியலும் ஓயவில்லை. பெஞ்சு வேலை ஜரூராக நடக்கிறது என்று அவளுக்குப் பூரிப்பு.

பால்காரி மீதுதான் கோபம். முன்பெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்க அளந்துவிட்டுப் போகிறவள், இப்போது வாசலோடு சரி.

"அண்ணே, வழக்கமான பால்தானே?"

"வேணாம்மா. இனிமே பாதி போதும்."

தேறிவிட்டேன் என்றதும் பாலைக் குறைத்துவிட்டாரே, கஞ்சப் பிசினாறி! அவள் உள்ளிருந்து கத்தினாள். இருவர் காதிலும் விழவில்லை.

ஒரு நாள் கூரை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது. மறுநாள் காலை பால்காரியோடு நாலைந்து ஆண்கள், மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்தார்கள்.

"மண்ணு இளகிடுச்சுண்ணே" என்றாள் பால்காரி.

தச்சரின் மனைவி ஜன்னலுக்கு ஓடினாள். மரத்தில் மொட்டுகள்! உயிரோடு வசந்தத்தைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எட்டிப் பார்த்தாள். மரத்தடியில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தோண்டுகிறவர் உள்ளே இறங்கிக்கொண்டே போனார்.

"பெஞ்சுக் காலுக்கு இவ்வளவு ஆழமா? இவங்களுக்கெல்லாம் யாரு வேலை கத்துக் குடுத்தது?"

முன்னறையில் தச்சர் செய்து முடித்ததை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வழவழவென்று இழைத்த பலகை, ஓரமெல்லாம் பூ வேலைப்பாடு. என் புருஷன் கை என்றால் கைதான் என்று பூரித்துப் போனாள்.

பால்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பனியில போனவங்களை, மண்ணு இளகுற வரைக்கும் வீட்லயேதான் வெச்சிருக்கணும். இந்த மலையில எல்லாருக்கும் அப்படித்தாண்ணே. இன்னிக்காவது அக்காவை நல்லபடியா அனுப்பி வைங்க."

"என்னங்க..." என்றாள் தச்சரின் மனைவி. "பெஞ்சுக்கு எதுக்குங்க மூடி?"

பனிக்காலம் முழுக்க அவள் கேட்ட எதற்கும் பதில் சொல்லாதது போலவே, இதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.