சம்மட்டி வேண்டாம்

மூன்று நாள், தினம் ஏழு மணி நேரம். அண்ணன் இன்னும் அந்தச் சுவரில் பாதியைத்தான் பிரித்திருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன் கூடத்தை இரண்டாக்கி, அண்ணன் தம்பி பேச்சையும் நிறுத்திய சுவர் அது. போன மாதம் அண்ணன் ஒரு நில அளவையரோடு வந்து இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். நீட்டிய தாளில் தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டான். தானாக இறங்கி வந்தவர் நீட்டும் தாளில் என்ன படிப்பது?

"நான் சொன்னேன்ல, முதல்ல வளையறது அவராத்தான் இருக்கும்னு," என்றான் மனைவியிடம். அவள் முழுக் கூடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சோபா பார்த்து வைத்திருந்தாள்.

அண்ணன் கையில் ஒரு பட்டை உளி, ஒரு சின்னச் சுத்தியல். காரையைத் தட்டி உதிர்த்து, பிள்ளையைத் தூக்குவதுபோல் செங்கலை எடுத்து, கம்பி பிரஷால் தேய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, பல்லுக் குத்துற குச்சியால பாறையை உடைக்கிறீங்க. இந்தாங்க என் சம்மட்டி. அரை நாள்ல முடிஞ்சிடும்."

"சம்மட்டி வேண்டாம். செங்கல் உடைஞ்சிடும்."

"உடையட்டுமே. இதை வெச்சுக் கோட்டையா கட்டப் போறீங்க?"

அண்ணன் உளியைத் துடைத்தார். "உன் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்க."

"எவ்வளவு?"

"மூணடி இருந்தா நல்லது."

தூசிக்கு இத்தனை பயம். தம்பி அலமாரியை நகர்த்திவிட்டு உள்ளே போனான்.

"எதுக்குங்க அவ்வளவு அழகா அடுக்குறாரு?" என்றாள் மனைவி.

"கருமி. உடைஞ்ச ஊசியைக்கூட எண்ணி வெக்கிற ஆளு."

நான்காம் நாள் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வேகத்தில் போனால் சோபாவுக்கு வயசாகிவிடும். இன்னோர் உளியை எடுத்துக்கொண்டு அவனும் உட்கார்ந்தான்.

"பார்த்து. முழுசா எடு," என்றார் அண்ணன்.

"சரிங்க மேஸ்திரி."

மறுநாள் சாயங்காலம் கடைசி வரிசையும் வந்துவிட்டது. கூடம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக விரிந்து கிடந்தது. மனைவி சோபா போடும் இடத்தில் போய் நின்று பார்த்தாள்.

அண்ணன் அவளைத் தாண்டிப் போய், தம்பியின் பக்கத்துத் தரையில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து எதிர்ச் சுவர்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினார்.

"சுவரே போயாச்சு. இப்ப எதுக்கு நூல் பிடிக்கிறீங்க?"

அண்ணன் அடுக்கிலிருந்து முதல் செங்கலை எடுத்தார்.

"நீ கையெழுத்துப் போட்டபடி, உன் பக்கம் ரெண்டடி தள்ளிக் கட்டறேன்."