திருப்பி வைத்த செருப்பு

எங்கள் குடியிருப்பில் யாரும் அழுவதில்லை. சண்டை இல்லை, கதவுகளுக்குப் பூட்டும் இல்லை. யாராவது சோகமாகவே இருந்தால், வீட்டார் அவருடைய செருப்பை வாசலில் தெருப் பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். வேன் வந்து கூட்டிப்போகும். சிரித்த முகத்தோடு திரும்பி வருவார்கள்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே குளியலறையில் நான் அழுவதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

"லூசு, நான் போய் யார்கிட்டடி சொல்லப்போறேன்?" என்று தலையில் செல்லமாகக் குட்டினாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பியபோது என் செருப்பு தெருவைப் பார்த்து இருந்தது.

"அக்கா, இதை யார் திருப்பினது?"

அடுப்படியில் குனிந்திருந்த அக்கா நிமிரவில்லை.

"பயப்படாதே, நல்லபடியா வந்துடுவே. எனக்கும் உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுடி."

வேன் வந்து நின்றது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். வேனிலிருந்து இறங்கியவளும் நான்தான். அதே சுடிதார், அதே மூக்குக் கண்ணாடி. அவள் சிரித்தாள்.

அக்கா வாசலுக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"கொசு, உள்ள வாடி. டீ போட்டுட்டேன்."

அது சின்ன வயதில் அக்கா எனக்கு வைத்த பெயர். வேறு யாருக்கும் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள், "வரேன்க்கா" என்று அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

வேனின் கதவு திறந்தே இருந்தது.