நல்லகாமன் வந்த நாள்

செல்லக்கிளி சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, கையில் அருவாளோடு மாட்டுக்கொட்டத்திலிருந்து வெளியே வந்தாள். எதிர்வீட்டு முத்திருளன் அதைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினான். "போச்சு, நல்லகாமன் வந்துட்டாரு" என்றான் பெண்டாட்டியிடம்.

வாசல் மண்ணில் கிடந்தாள் அவள் மகள் ஜெயக்கொடி. மகளின் தலைமயிரை வலது கையில் சுற்றிப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான் மருமகன் மொக்கைச்சாமி.

ஜெயக்கொடி புருஷன் வீட்டிலிருந்து எழுமலைக்கு ஓடி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பேரையூரில் அவன் குடித்துவிட்டு வந்து அவளைச் சுவரில் மோதியதில் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. முதுகில் கம்பியைக் காய்ச்சி வைத்த சூடு இன்னும் ஆறவில்லை.

"வாடி. ஒன்னைய எங்கூர்ல வச்சுக் கொளுத்துனாத்தேன் எனக்குத் தூக்கம் வரும்" என்று அவள் இடுப்பில் மிதித்தான்.

செல்லக்கிளியைப் பற்றி எழுமலையில் தெரியாதவர்கள் கிடையாது. நாலு பேர் சத்தமாகப் பேசினாலே வீட்டுக்குள் போய்விடுகிறவள். புருஷன் உயிரோடு இருந்தவரை அவன் அடித்த அடியையெல்லாம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டவள். ஆனால் அவளுக்குள் வேறு ஆட்களும் இருந்தார்கள். சில நாள் சின்னப் பிள்ளையாகி, பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து குச்சி ஐஸ் கேட்டு அழுவாள். சில நாள் தன் அண்ணன் நல்லகாமனாகவே ஆகிவிடுவாள்.

நல்லகாமன், ஜெயக்கொடி பிறப்பதற்கு முன்பே ஒரு சண்டையில் குத்துப்பட்டுச் செத்தவன். அவன் வந்துவிட்டால் செல்லக்கிளியின் சேலை மேலே ஏறும், குரல் தடிக்கும், கை நீளும். ஒருமுறை உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு பெண்ணை உரசியவனைக் கீழே இழுத்துப் போட்டு, அவன் தாடையைப் பேர்த்துவிட்டான்.

செல்லக்கிளி பெற்ற மகளைக்கூட நல்லகாமனுக்கு அடையாளம் தெரியாது. "ஏ புள்ள, நீ யாரு வீட்டுப் பிள்ள? ஓடிப்போயி ஒரு கட்டு பீடி வாங்கியா" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவாள். மறுநாள், வாய் ஏன் இப்படி நாறுகிறது என்று செல்லக்கிளி மகளிடம் கேட்பாள்.

மதுரை டாக்டர் கல்யாணராமன் அதற்கு ஒரு பேர் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். நல்லகாமன் அவரிடமே பீடி கேட்டிருக்கிறான்.

அருவாளைப் பார்த்து மொக்கைச்சாமி சிரித்தான். "என்னத்தே, ஆம்பள வேசமா?"

செல்லக்கிளி அப்படியே நின்றாள். கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மொக்கைச்சாமி காலைத் தூக்கி மகளின் முகத்தில் மிதித்தான்.

பல் உடையும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அந்தத் தடித்த குரல் வந்தது.

"ஜெயக்கொடி, தலையக் குனி."

முதல் வெட்டு மணிக்கட்டில் விழுந்தது. விரல்கள் மயிரை விடாமல் இருக்க, கை மட்டும் தனியாக வந்துவிட்டது. அவன் அலறிக்கொண்டு ஓடினான். இரண்டாவது வெட்டு தோளில் இறங்கியது. சாக்கடையில் குப்புற விழுந்தவன்மேல் அவள் மறுபடி ஓங்கியபோது, ஜெயக்கொடி தவழ்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா, போதும் மாமா. விட்டுருங்க."

ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவள் ரத்தம் தோய்ந்த சேலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒம் பேரென்ன?"

"நல்லகாமன்."

தெருவே அதைத்தான் சொன்னது. உயிர் பிழைத்த மொக்கைச்சாமியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "அது எங்கத்த இல்ல சார். அதுக்கு ஒரு கோழியக்கூட அறுக்கத் தெரியாது" என்றான். கல்யாணராமனும் கோர்ட்டில் வந்து சொன்னார். செல்லக்கிளியை ஜெயிலுக்கு அனுப்பாமல் வைத்தியத்துக்கு அனுப்பினார்கள். மொக்கைச்சாமி அதன்பிறகு எழுமலைப் பக்கமே தலை காட்டவில்லை.

செல்லக்கிளி வீடு திரும்பியபோது ஜெயக்கொடி சத்துணவுக் கூடத்தில் சமைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்து, ஆத்தாளை உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் நெனப்பிருக்காது ஆத்தா. அன்னிக்கு மாமா மட்டும் வரலைன்னா நீ என்னையப் பொணமாத்தேன் பாத்திருப்ப. நெதமும் அவருக்கு வெளக்குப் போட்டுத்தேன் வேலைக்குப் போறேன்."

செல்லக்கிளி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். பிறகு, வழக்கமான தன் மெல்லிய குரலில் சொன்னாள்.

"நானும் வருவாரு, வருவாருன்னுதேன் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னிக்கு ஒம் மாமன் வரவே இல்லடி."