நிற்கும் தூரம்

"ஓடுற பஸ்ஸுக்குச் சட்டுனு நிக்க வராதாமே சார், நிஜமா?"

இயற்பியல் ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். பள்ளிவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் போயிருந்தார்கள். ஆய்வுக்கூட வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். துணி தைப்பவள் போலிருக்கிறது, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. சாப்பிட்டுப் பல நாள் ஆன முகம்.

"எந்த பஸ்ஸும்மா?"

"மார்க்கெட் வளைவுல, போன வாரம்... ஒரு சின்னப் பையன் மேல..." அவளால் முடிக்க முடியவில்லை. "டிரைவரை உள்ள வெச்சிருக்காங்க. நாளைக்குக் கோர்ட்டு. அவர் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டு வந்தார்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அவர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார். அது தெரியாம கண்ணை மூட முடியலை."

ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. டிரைவரைக் கூட்டம் கூடி அடித்ததைச் செய்தித்தாளில் படித்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாவம், எப்படித்தான் தெருவில் தலைகாட்டுகிறாளோ!

"முதல்ல உட்காருங்க."

அவள் உட்காரவில்லை. ஆசிரியர் மேசைமேல் இருந்த சின்ன மரவண்டியை எடுத்தார். அதன்மேல் ஒரு சாக்பீஸை வைத்துத் தள்ளிவிட்டு, மறுமுனையில் கையால் தடுத்தார். வண்டி நின்றது. சாக்பீஸ் உருண்டுபோய்க் கீழே விழுந்தது.

"பார்த்தீங்களா? ஓடுற எதுவும் ஓடிக்கிட்டே இருக்கத்தான் பார்க்கும், ஒரு விசை வந்து தடுக்குற வரைக்கும். இதுக்குப் பேரு நிலைமம். பஸ்ஸைத் தடுக்குற விசை எது? டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற உராய்வு. ரோடு நனைஞ்சிருந்தா அதுவும் குறைஞ்சிடும்."

"அன்னிக்குத் தூறல் சார்." அவள் கழுத்திலிருந்த டேப்பைத் தொட்டாள். "டயர் இழுத்த தடத்துக்குப் போலீஸ்காரங்க கோடு போட்டிருந்தாங்க. விடிகாலையில போய் அளந்தேன். இந்த டேப்பால சரியா பத்து நீளம்."

"ஒரு டேப் ஒன்றரை மீட்டர், அப்போ பதினஞ்சு மீட்டர்" என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினார் ஆசிரியர். ஆளில்லாத ரோட்டில் இவள் குனிந்து குனிந்து அளந்திருப்பாள் என்று நினைத்தபோது அவருக்கு என்னவோ செய்தது. இத்தனை வருஷமாக இந்தக் கணக்கை மதிப்பெண்ணுக்காகத்தான் போட்டிருக்கிறார். ஒரு மனுஷனுக்காகப் போடுவது இதுதான் முதல்முறை. விடை பாதகமாக வந்துவிட்டால் இவளிடம் எப்படிச் சொல்வது?

பாதகமாக வரவில்லை.

"அம்மா, நாற்பது கிலோமீட்டர் வேகம்தான்! கண்ணு மண்ணு தெரியாம எல்லாம் அவர் ஓட்டலை."

வயிற்றில் பாலை வார்த்தீர்கள் என்று அவள் கையெடுத்துக் கும்பிடுவாள் என எதிர்பார்த்தார். அவளோ பேயறைந்ததுபோல் நின்றாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்."

போட்டார். அதே விடை.

"சரி, வேகம் இல்லை. பிரேக் போட அசட்டையா இருந்திருப்பாரோ?"

"பையன் ரோட்டுக்கு ஓடி வந்தப்போ பஸ் எங்க இருந்துச்சு?"

"மருந்துக்கடை போர்டுகிட்ட. பார்த்தவங்க இருக்காங்க. அதையும் அளந்தேன். அதுவும் பத்து நீளம்தான்."

"அப்போ கேளுங்க. கண்ணு பார்த்து, மூளைக்கு எட்டி, காலு பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். அந்த ஒரு நொடியில பஸ் பதினோரு மீட்டர் ஓடிடும். அதுக்கு மேல, இழுத்துட்டுப் போய் நிக்கப் பதினஞ்சு. மொத்தம் இருபத்தாறு மீட்டர் வேணும். அவருக்குக் கிடைச்சது பதினஞ்சு. கடவுளே ஓட்டிட்டு வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாதும்மா."

"அப்போ அவர் மேல..."

"ஒரு துளிகூடத் தப்பு இல்லை."

"கொஞ்சம்கூடவா சார்? வேற ஏதாவது வழியில பார்த்தா...?"

கெஞ்சுவதுபோல் கேட்டாள். அடிமேல் அடி வாங்கினவளுக்கு நல்ல சேதியை நம்பத் துணிவு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார் ஆசிரியர்.

"எந்த வழியில பார்த்தாலும் இல்லை. வேணும்னா நாளைக்கு நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்."

அவள் கரும்பலகையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பஸ்ஸை நிறுத்த முடியாது, சரி. அந்தப் பையனை நிறுத்தியிருக்கலாமா சார்? யாராவது அவன் கையைப் பிடிச்சிருந்தா, திமிறினாலும் நின்னிருப்பானா?"

அவள் மனதில் மிச்சமிருக்கும் பாரத்தையும் இறக்கிவிட வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றியது.

"தாராளமா! பஸ் பத்தாயிரம் கிலோ. பையன் என்ன, இருபது கிலோ இருப்பானா? பிடிச்ச கையை விடாம இருந்தாலே போதும், நின்னிருப்பான். உள்ளதைச் சொல்லணும்னா, தப்பெல்லாம் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தவங்க மேலதான். உங்க வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து வெளிய வரலாம்மா."

"பதினெட்டு" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"பதினெட்டு கிலோதான் சார் இருந்தான்." அவள் வாசலை நோக்கித் திரும்பினாள். "அந்த டிரைவர் வீட்டுக்குப் போகட்டும். நீங்க சொன்னதை நாளைக்கு அப்படியே சாட்சி சொல்லிடறேன். தூறல் விட்டுடுச்சேன்னு குடையை மடக்கறதுக்காக என் பிள்ளை கையை விட்டவ நான்தான்."