ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்

"திருடினேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?"

கோர்ட்டு வராந்தாவில் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளம்பரின் மனைவி கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பொம்பளை! கட்டின புருஷனையே திருடனாக்கப் பார்க்கிறாளே!

"நான் எடுக்கலையேடி!" என்றான் பிளம்பர். "ரிப்பேர் பண்ணி மாட்டிட்டு வந்தேன். மறுநாள் மோட்டாரைக் காணோம்னா நானா பொறுப்பு?"

விஷயம் அவ்வளவுதான். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. போலீசுக்கு மோட்டார் கிடைக்கவில்லை, ஆள் கிடைத்துவிட்டான். ஜாமீன் கொடுக்க நாதியில்லாமல் மாசக்கணக்காக உள்ளே கிடக்கிறான். இன்றைக்கு ஏட்டு ஜெயிலிலிருந்து கூட்டி வந்திருக்கிறார்.

வக்கீல் அலுத்துக்கொண்டார். "எத்தனை தடவைப்பா சொல்றது? ஒத்துக்கிட்டா, இதுவரைக்கும் உள்ளே இருந்ததையே தண்டனையாக் கழிச்சுட்டு இன்னிக்கே விட்டுடுவாங்க. இல்லேன்னு சாதிச்சேன்னு வை, சாட்சி, வாய்தான்னு உன் புள்ள பள்ளிக்கூடம் போற வரைக்கும் இழுக்கும்."

"அப்ப திருடினவன் வீட்டுக்கு, திருடாதவன் ஜெயிலுக்கா?"

"நீ சட்டம் பேசாதே. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

"என் புள்ளைக்குத் திருடன் புள்ளைன்னு பேர் வரணுமா சார்?"

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "யோக்கியன் புள்ளையா அப்பன் முகம் தெரியாம வளர்றதை விட, திருடன் புள்ளையா உங்க மடியிலே வளரட்டுங்க."

கேஸைக் கூப்பிட்டதும் உள்ளே போனான். கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டான்.

"எப்படி எடுத்தே?" என்றார் நீதிபதி.

திருதிருவென்று முழித்தான். எடுத்திருந்தால்தானே தெரியும்!

"சுவர் ஏறிக் குதிச்சு..." பக்கத்தில் நின்ற ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்.

"சுவர் ஏறிக் குதிச்சுங்கய்யா."

"மோட்டார் எங்கே?"

"பழைய இரும்புக் கடை..." மறுபடியும் ஏட்டு.

"பழைய இரும்புக் கடையிலே போட்டுட்டேங்கய்யா."

நீதிபதிக்கு மனசு இளகிவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்படி உண்மையைப் பேசின ஒருத்தனை நான் பார்த்ததில்லை. இருந்தது போதும், போ. இனிமேலாவது ஒழுங்கா இரு."

புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் படி இறங்கினாள். வராந்தா ஓரத்தில், புகார் கொடுத்த வீட்டுக்காரர் ஏட்டின் காதருகே குனிந்தார்.

"கேஸ் முடிஞ்சுதுல்ல சார்? இனிமே மோட்டாரை மாட்டிக்கலாமா? சொல்லாம எடுத்துட்டுப் போன என் மச்சினன் திருப்பிக் கொண்டு வந்து வச்ச நாள்லேருந்து, நீங்க சொன்னபடி பரண்லயே ஒளிச்சு வச்சிருக்கோம். மாசக்கணக்கா வாளி வாளியாத் தண்ணி தூக்கி... நாங்க அனுபவிச்ச தண்டனை யாருக்கு சார் தெரியும்!"