நாற்பது சதவீத முட்டி

குண்டின் சில்லு உள்ளேயே தங்கிவிட்டதால், ஹவில்தார் ஞானசிகாமணியின் முட்டிக்கு நாற்பது சதவீத ஊனம் என்று முன்பே எழுதிவிட்டார்கள். ரிசர்வ் படையில் நீடிக்க வேண்டுமானால், இன்றைய மருத்துவச் சோதனையில் எதையும் பிடிக்காமல் குந்தி எழ வேண்டும். குந்தினார். முட்டி எழுப்பிய சத்தத்தில் வாசல் சென்ட்ரி துப்பாக்கியோடு ஓடிவந்தான்.

“முட்டியாய்யா அது, பீரங்கியா? பேசாம பென்ஷன வாங்கிட்டு வீட்ல உக்காரு,” என்றார் டாக்டர் மேஜர்.

“வீட்ல உக்காரவும் இதே முட்டிதானே சார்?”

“சரி, எழுந்திரு பாப்போம்.”

முட்டி அசையவில்லை. வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. இரக்கப்பட்டு மேஜர் கையை நீட்டினார். பிடித்தால் படை போச்சு. ஞானசிகாமணி குந்தியபடியே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பழக்கதோஷம், மேஜர் நீட்டிய கை பதில் சல்யூட்டாக அவர் நெற்றிக்கே போய்விட்டது. ஞானசிகாமணி கையை இறக்காமல், மேஜரின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல், மெல்ல இடுப்பைத் தூக்கத் தொடங்கினார்.

மேஜரும் கையை இறக்கவில்லை.